கேமிங் குழுவில் ஓயாத புலம்பல்: தென்னாப்பிரிக்கத் தமிழ் மாடரேட்டர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பொதுச் சேனலில் பத்துச் செய்தி வந்தால் எட்டு குறை. சர்வர் மோசம், புது அப்டேட் மோசம், விலை கொள்ளை, மாடரேட்டர் ஒருதலைப்பட்சம். விளையாட ஆள் தேடி வந்தவர் நாலு வரி படித்துவிட்டுப் போய்விடுகிறார். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை சிதறியிருக்கும் தமிழர்களைச் சேர்த்து நடத்தும் டிஸ்கார்டு (எழுத்திலும் குரலிலும் பேசும் அரட்டைச் செயலி) குழு என்றால் மொத்த உறுப்பினரே சில நூறு பேர்தான் இருப்பார்கள். அதில் இருபது பேர் ஒதுங்கினாலே மாலையில் ஓர் அணி சேராது.

குழுவை மேற்பார்க்கும் மாடரேட்டர்கள் உடனே கையில் எடுப்பது நீக்கும் பொத்தானை. பிறகு ‘நல்லதை மட்டும் பேசுங்கள்’ என்று ஒரு விதி. பலன் தலைகீழ்தான். தான் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று நினைப்பவர்தான் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். செய்தியை நீக்கினால் அந்த நினைப்பு உறுதியாகிறது. ஆகவே குறைக்கு ஓர் இடம், ஒரு பதில், ஒரு முடிவு என்ற மூன்றையும் முதலில் கொடுங்கள். மூன்றும் கிடைத்த பிறகும் ஓயாதவரைத் தடுப்பது கடைசி வேலை.

படி 1: எண்ணிப் பாருங்கள்

கடந்த 7 நாள் செய்திகளை மேலிருந்து படித்து, குறை சொல்லும் ஒவ்வொன்றையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். நாள்-நேரம், எழுதியவர், எதைப் பற்றி, எந்த வகை என்று நான்கு பத்தி போதும். வகைகள் ஐந்து: ஆட்டத்தில் உண்மையான பிழை, இணைப்புக் கோளாறு, பணம், பிடிக்கவில்லை என்ற கருத்து, ஆளைத் திட்டுவது.

விரிதாளைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். பாதிக்கு மேல் மூன்று நான்கு பேரிடமிருந்தே வந்திருந்தால் உங்கள் சிக்கல் ஆட்களில் இருக்கிறது. படி 6 உங்களுக்கு முக்கியம். நாற்பது பேர் ஆளுக்கு ஒன்றிரண்டு எழுதியிருந்தால் ஆட்டத்திலோ குழு நடத்தும் விதத்திலோ உண்மையாகவே கோளாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு விதியை இறுக்கினால் நல்ல உறுப்பினர்கள்தான் முதலில் போவார்கள். அடுத்து நேரப் பத்தியைப் பாருங்கள். அப்டேட் வந்த இரவு, மின்வெட்டு நேரம், புதன் அதிகாலை என்று கொத்துக்கொத்தாக விழுந்திருக்கும். கணினி ஆட்டக் கடையான ஸ்டீம் தன் வாராந்திரப் பராமரிப்பைச் செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி பிற்பகலில் செய்கிறது. நமக்கு அது நள்ளிரவை ஒட்டியோ தாண்டியோ வரும். சில நிமிடம் எல்லாரையும் வெளியே தள்ளும். இதை ஒரு முறை சேனலில் பின் செய்து வைத்தாலே ‘சர்வர் செத்துப்போச்சு’ என்ற வாராந்திர ஓலம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 2: இணைப்புக் குறைகளைத் தனியே பிரித்தெடுங்கள்

தென்னாப்பிரிக்கக் குழுக்களில் ஆட்டத்தைத் திட்டி எழுதப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிநொடியில்) பற்றியது. எனவே மாடரேட்டருக்குத் தூரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். நம் மேற்குக் கரையிலிருந்து இங்கிலாந்து போகும் வாக்ஸ் கடலடிக் கேபிள் சுமார் 14,500 கிலோமீட்டர். போய்த் திரும்ப 29,000 கிலோமீட்டர். அதாவது 145 மில்லிநொடி. டர்பனிலிருந்து கேப் கரைக்குப் போகும் தூரமும் சேர்ந்தால் 160ஐ ஒட்டும். லண்டன் சர்வரில் 160 பிங் வருகிறது என்று ஒருவர் கொதித்தால், அந்தப் பாதையில் அதற்குமேல் குறைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது என்று கணக்கோடு சொல்லலாம். ‘உங்க நெட்டு சரியில்லை’ என்பதைவிட இது மரியாதையான பதிலும்கூட.

உள்ளூர் சர்வர் இருக்கும் ஆட்டம் வேறு கதை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வர் உண்டு. டர்பனில் ஃபைபர் இணைப்பில் கம்பி வழியாக விளையாடினால் 8 முதல் 15 வரை பிங் வருவது இயல்பு. அதே ஆட்டத்தில் 170 காட்டினால் ஐரோப்பிய சர்வருக்குப் போய்விட்டார் என்று பொருள். நள்ளிரவில் உள்ளூரில் ஆள் குறைவதால் இது நடக்கும். கவுண்டர்-ஸ்ட்ரைக் அமைப்புகளில் ஏற்கத்தக்க உச்ச பிங் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை 80க்கு இறக்கச் சொல்லுங்கள். டோட்டாவில் பகுதி தேர்வில் தென்னாப்பிரிக்காவை மட்டும் விடச் சொல்லுங்கள். இரண்டிலும் காத்திருக்கும் நேரம் கூடும். அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அதுவே அடுத்த குறையாக வரும்.

இணைப்பைப் பற்றிக் குறை எழுதுபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- எந்த ஆட்டம், எந்தப் பகுதி சர்வர், எத்தனை மணிக்கு
- வைஃபையா, கேபிளா; வைஃபை என்றால் கேபிள் போட்டு ஒரு முறை சோதித்த பிங்
- விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ட்ரேசர்ட் கட்டளை (தரவு போகும் வழியை வரி வரியாகக் காட்டுவது) கொடுத்து எடுத்த திரைப் படம் (வீட்டு ஐபி முகவரியை மறைத்து)

ட்ரேசர்ட் படிப்பது கடினமல்ல. முதல் வரி வீட்டு ரவுட்டர். அங்கேயே 20, 50 என்று குதித்தால் கோளாறு வீட்டு வைஃபையில். முதல் வரி 1, நாட்டுக்குள் இருக்கும் வரிகள் எல்லாம் 20க்குள், அதன்பின் ஒரே தாவலாக 150 என்றால் கடல் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு வரி மட்டும் நட்சத்திரக் குறி காட்டி அடுத்த வரிகள் ஒழுங்காக வந்தால் கவலை வேண்டாம். அந்தக் கருவி பதில் தர மறுக்கிறது, அவ்வளவே. இதைப் பார்த்து ‘பாக்கெட் லாஸ்’ (தரவு வழியில் தொலைகிறது) என்று கத்துபவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெளிநாட்டு பிங் எகிறினால் கேபிள் அறுந்திருக்கலாம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடலோரத்தில் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என நான்கு கேபிள்கள் சேதமாயின. அப்படிப்பட்ட நாளில் ஐம்பது பேர் தனித்தனியே எழுத விடாதீர்கள். ஒரே அறிவிப்பு, அதன் கீழே ஒரே திரெட். பழுதுபார்க்கும் கப்பல் போய்ச் சேரவே நாள்கள் ஆகும், ஆகவே ‘இன்றிரவு சரியாகிவிடும்’ என்று சமாதானத்துக்காகக்கூட எழுதக் கூடாது.

மின்வெட்டு விஷயத்துக்கு வருவோம். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 31 அன்று திரும்பியது. அது இல்லாத காலத்திலும் மின்வெட்டுக்கான போட்டி விதியை எடுத்துவிட வேண்டாம். குழுப் போட்டி வைக்கும்போது இரு அணியினர் பகுதிகளின் மின்வெட்டு அட்டவணையையும் எஸ்கொம்சேபுஷ் செயலியில் பார்த்து நேரம் குறியுங்கள். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் எத்தனை நிமிடம் நிறுத்தலாம் (10 போதும்), அதற்குள் திரும்பாவிட்டால் புள்ளி யாருக்கு என்று முன்பே எழுதி வையுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போட்டால் லேப்டாப்பில் ஆடுபவர் வெட்டு நேரத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்க்காமல் வாங்கினால் பெட்டி எரிந்துபோகலாம்.

படி 3: குறைக்கென்று ஓர் இடம்

டிஸ்கார்டில் ஃபோரம் சேனல் ஒன்று திறந்து ‘குறை-நிறை’ என்று பெயர் வையுங்கள். சாதாரண உரைச் சேனல் இதற்கு ஆகாது. அதில் ஒவ்வொரு குறையும் அடுத்த குறையின் கீழ் புதைந்துபோகும், பத்துப் பேர் ஒன்றையே எழுதுவார்கள். ஃபோரத்தில் ஒரு குறைக்கு ஒரு பதிவு, தலைப்போடு நிற்கும்.

டேக் (பதிவில் ஒட்டும் குறிச்சொல்) 20 வரை வைக்க இடம் உண்டு. 20 வைத்தால் யாரும் சரியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். வகைக்கு நான்கு: பிழை, இணைப்பு, பணம், கருத்து. நிலைக்கு நான்கு: பார்த்தோம், அனுப்பினோம், தீர்ந்தது, மாறாது. நிலை டேக்குகளை மாடரேட்டர் மட்டும் மாற்றும்படி அமையுங்கள். பதிவிடும்போது டேக் கட்டாயம் என்ற தெரிவையும் இயக்குங்கள். வழிகாட்டுதல் பெட்டியில் நான்கு வரி போதும்: என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எப்போது, எந்தக் கருவியில். ஏற்கெனவே உள்ள குறை என்றால் புதிதாக எழுதாமல் அதற்கே எமோஜி போடச் சொல்லுங்கள். எது பலரின் குறை, எது ஒருவரின் குறை என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

பொதுச் சேனலில் குறை எழுதியவரை அங்கே அனுப்பும் வாக்கியமும் முக்கியம். ‘இங்க எழுதக் கூடாது, அங்க போங்க’ என்பது விரட்டுவது. ‘தம்பி, இது இங்க கிடந்தா அரை மணியில மேல போயிடும். குறை-நிறையில போட்டு எந்த மேப்னு மட்டும் சேர்த்துடுங்க, நாளைக்குள்ள பார்த்துச் சொல்றேன்’ என்றால் அவர் போவார். காரணமும் கெடுவும் அதில் இருக்கின்றன.

சிலர் ‘புலம்பல் சேனல்’ என்று தனியே ஒன்று திறப்பார்கள். எங்கள் கருத்தில் வேண்டவே வேண்டாம். பதில் எதிர்பார்க்காத இடத்தில் பேச்சு சூடேறிக்கொண்டே போகும். அங்கேயே குடியிருப்பவர்கள் பிறகு பொதுச் சேனலுக்கும் அதே குரலோடு வருவார்கள்.

படி 4: பதில் சொல்லும் முறை

24 மணி நேரத்துக்குள் ‘பார்த்தோம்’ என்ற டேக் விழ வேண்டும். தீர்வு அல்ல, பார்த்ததற்கு அடையாளம். இரண்டு மாடரேட்டர் கிழமை பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நாளைக்குப் பத்து நிமிட வேலை.

பிழை என்றால் யாராவது ஒருவர் தன் கணினியில் செய்து பார்த்து, வந்தால் நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்துக்கு அனுப்பி, எண் கிடைத்தால் அதைப் பதிவில் ஒட்டுங்கள். நிறுவனம் சார்பில் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘அடுத்த அப்டேட்டில் வரும்’ என்று மாடரேட்டர் சொல்லி, வராமல் போனால், அதன்பின் அவர் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

‘மாறாது’ என்ற டேக்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. நம் பழக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டு ‘பார்க்கலாம்’ என்போம். அந்தப் பார்க்கலாம்தான் மூன்று மாதம் கழித்தும் அதே குறையாக வந்து நிற்கிறது. காரணம் இரண்டு வரி எழுதி, டேக் போட்டு, பதிவைப் பூட்டுங்கள். நாலு நாள் முணுமுணுப்பு இருக்கும், பிறகு அடங்கும்.

வாரம் ஒரு முறை, வெள்ளி மாலை, என்ன தீர்ந்தது, என்ன நிலுவை, என்ன மாறாது என்று அறிவிப்பில் ஐந்து வரி. சென்னை உறுப்பினர்களும் இருந்தால் நேரம் இரண்டையும் எழுதுங்கள்: நமக்கு மாலை 6.30 என்றால் அங்கே இரவு 10.

படி 5: பணக் குறைகள்

இவற்றில் கருத்துக்கு இடமில்லை, விதி மட்டுமே. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் திரும்பப் பெறலாம். கூகுள் பிளேயில் 48 மணிக்குள் நேரடியாகக் கேட்கலாம். தாண்டினால் ஆட்டத்தைச் செய்தவரிடம்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் பின் செய்து வையுங்கள். வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பும் யோசனையைக் குழுவில் யாராவது கொடுத்தால் உடனே குறுக்கிடுங்கள். கடைகள் அப்படிச் செய்தவரின் கணக்கையே முடக்குவது வழக்கம், பழைய ஆட்டங்களும் சேர்ந்து போகும். வெளிநாட்டு மின்னணுச் சேவைகளுக்கும் 15 சதவீத வாட் வரி உண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

குழுவே சொந்தமாகச் சர்வர் நடத்தி ரேங்க் (சர்வரில் தனித் தகுதி), ஸ்கின் (ஆட்டத் தோற்ற அலங்காரம்) விற்றால் நிலைமை மாறுகிறது. அப்போது நீங்கள் விற்பனையாளர். 2002ஆம் ஆண்டின் 25ஆம் எண் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இணையத்தில் விற்பவர் தன் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி, மொத்த விலை, பணம் திருப்பும் விதி முதலியவற்றைக் காட்டச் சொல்கிறது. காட்டாவிட்டால் வாங்கியவர் பொருளோ சேவையோ கிடைத்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். மாதம் ஐம்பது ராண்டுக்கு ரேங்க் விற்கும் பையன்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை, சண்டை வந்த பிறகுதான் விதி எழுதுகிறார்கள்.

படி 6: ஓயாதவரிடம்

முதலில் தனிச் செய்தி, எல்லார் முன்னும் வேண்டாம். அவர் எழுதியதில் மூன்றை எடுத்துக் காட்டி, எதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, இனி எங்கே எழுதலாம் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் இதிலேயே அடங்குவார்கள். தான் இவ்வளவு எழுதியதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆட்டத்தை ஆழமாக அறிந்து குறை சொல்பவர் என்றால், பிழைகளைச் சோதித்து உறுதிசெய்யும் வேலையைக் கொடுங்கள். ஆனால் ஒரு மாதம் அமைதியாக இருந்த பிறகே கொடுங்கள். கத்தியதும் பதவி கிடைக்கிறது என்று மற்றவர்கள் கண்டுகொண்டால் கதை கெட்டது.

நம் குழுக்களில் இன்னொன்று உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒருவருக்கொருவர் குடும்பமே தெரியும். பதினெட்டு வயது மாடரேட்டருக்கு, அப்பாவின் நண்பரான அங்கிளுக்கு டைம்அவுட் (குறித்த நேரம் பேச விடாமல் தடுப்பது) கொடுக்கக் கை வராது. கொடுத்தால் கோயிலில் பேச்சு வரும். வயதில் ஒத்த ஒருவரை மாடரேட்டர் குழுவில் வைத்துக்கொண்டு, அவரைப் பேசச் சொல்லுங்கள். பேச்சில் ‘நீங்கள்’ மாறக் கூடாது, விதியும் மாறக் கூடாது.

தனிச் செய்திக்குப் பின்னும் தொடர்ந்தால் 1 மணி, 1 நாள், 1 வாரம் என்று டைம்அவுட், அதன்பின் வெளியேற்றம். 1 நாளும் அதற்கு மேலும் என்றால் இரு மாடரேட்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பெட்டியில் எழுதுங்கள். டிஸ்கார்டின் தணிக்கைப் பதிவு (மாடரேட்டர்கள் செய்தவற்றின் பட்டியல்) 45 நாள்தான் நிற்கும், எனவே உங்கள் விரிதாளிலும் ஒரு வரி.

மிரட்டலுக்கு இந்தப் படிகள் கிடையாது. ‘வீடு தெரியும், வந்து அடிப்பேன்’ என்பது 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சைபர் குற்றச் சட்டத்தின்படி குற்றம். செய்தியை நீக்குவதற்கு முன் நாளும் நேரமும் பயனர் எண்ணும் தெரியத் திரையைப் படம் எடுத்து, ஆளை வெளியேற்றி, மிரட்டப்பட்டவரிடம் அதைக் கொடுங்கள். காவல் நிலையத்துக்குப் போவதா, துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு ஆணையை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் கேட்பதா என்பது அவர் முடிவு. ஒருவரின் முகவரி, தொலைபேசி, பிள்ளைகள் படம் வந்தால் திரையைப் படம் எடுத்த கையோடு நீக்குங்கள்.

படி 7: கருவிகள், குறிப்பாகத் தமிழில் சொல்வடிகட்டி

ஸ்லோ மோட் (ஒருவர் அடுத்த செய்திக்குக் குறித்த நேரம் காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு) சாதாரண நாளில் வேண்டாம். அப்டேட் வந்த இரவில் பொதுச் சேனலுக்கு 30 நொடி, இரண்டு மணி நேரம், பிறகு எடுத்துவிடுங்கள். 5 நிமிடம் வைத்தால் அணி தேடுவோர் பேச முடியாமல் போவார்கள்.

டிஸ்கார்டு தானாகச் செய்திகளைத் தடுக்கும் ஆட்டோமாட் வடிகட்டி ஆங்கிலத்துக்கு எளிது, தமிழுக்கு வம்பு. அது முழுச் சொல்லைத்தான் பார்க்கும். ‘முட்டாள்’ என்று போட்டால் ‘முட்டாளே’, ‘முட்டாளுங்க’ தப்பிவிடும். பின்னால் நட்சத்திரக் குறி (அதற்குப் பின் எது வந்தாலும் பிடி என்று பொருள்) சேர்த்தாலும் பயனில்லை, ஏனென்றால் விகுதி சேரும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளியை எடுத்துவிட்டு ‘முட்டாள’ என்று எழுதி நட்சத்திரம் போடுங்கள். எல்லா வடிவமும் சிக்கும். இதே உத்தியை ‘நாய்’ என்ற சொல்லுக்குச் செய்தால் விபரீதம்: ‘நாய’ என்று தொடங்கும் எல்லாம் மாட்டும். டர்பன் குழுவில் நாயுடுவும் நாயக்கரும் தங்கள் பெயரையே எழுத முடியாது. அவற்றை அனுமதிப் பட்டியலில் சேருங்கள், அல்லது அந்தச் சொல்லுக்கு முன்னொட்டு வடிவம் போடாமல் ‘நாயே’, ‘நாய்களா’ என்று தனித்தனியே கொடுங்கள்.

‘கூலி’ இந்த நாட்டில் இந்தியரை இழிவுபடுத்தும் வசை. தமிழ் எழுத்தில் வந்தால் பெரும்பாலும் சம்பளப் பேச்சுதான். ஆங்கில எழுத்து வடிவங்களைத் தடுத்து, தமிழ் எழுத்து வடிவத்துக்கு மாடரேட்டர் சேனலில் எச்சரிக்கை மட்டும் வரும்படி வையுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களின் வசைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒரே நாளில் பட்டியல் முடியாது, நீக்கும்போதெல்லாம் ஒன்று சேர்த்துக்கொண்டே போங்கள். குரல் சேனலில் வடிகட்டி எதுவும் வேலை செய்யாது. அங்கே ஆள்தான் இருக்க வேண்டும்.

படி 8: 30 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்

அதே விரிதாள், அதே ஐந்து வகை, மறுபடி 7 நாள். மொத்த எண்ணிக்கை ஏறியிருந்தால் பதற வேண்டாம். இடம் திறந்ததும் இதுவரை பேசாதவர்கள் பேச வருவார்கள். பார்க்க வேண்டியவை வேறு: பதில் சொல்லி முடித்த குறை எத்தனை முறை திரும்ப வந்தது, பொதுச் சேனலில் எத்தனை வந்தது, அணி தேடும் செய்திகள் கூடினவா. திரும்ப வருவது குறையவில்லை என்றால் பதில்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘மாறாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அனுப்பினோம்’ என்றே கிடக்கும்.

‘பிழை’ வகை மட்டும் பல பேரிடமிருந்து ஏறிக்கொண்டே போய், அனுப்பியது எதற்கும் நிறுவனத்திடமிருந்து பதிலே இல்லை என்றால், ஆட்டம் கைவிடப்பட்டுவிட்டது. மாடரேட்டர் அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. மூன்று மாற்று ஆட்டங்களை, அவற்றில் எதற்கு ஜோகன்னஸ்பர்க் சர்வர் இருக்கிறது என்று குறித்து, வாக்கெடுப்புக்கு விடுங்கள். பழைய ஆட்டத்தின் சேனல்களைப் படிக்க மட்டும் என்று மாற்றி வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு ஆட்ட நேரத்தை அறிவியுங்கள்.